கை மட்டும் தெரிகிறது

என்னிடம் ஒரு திருட்டுப் புத்தகம் இருக்கிறது. 1987-இல் எடுத்தது. அட்டை எப்போதோ போய்விட்டது. முதல் பக்கத்து மூலையில் ஊதா மையில் ஒரு வட்ட முத்திரை, அதன் நடுவில் நீலப் பேனாவால் 112 என்று எண். கடைசியில் வரும் 2-ஐ மட்டும் வாத்து நீந்துவதுபோல் வளைத்து எழுதியிருக்கிறது. நான்கு வீடு மாறிவிட்டோம். அம்மாவின் பித்தளைக் குத்துவிளக்கு தொலைந்தது, என் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்கூடத் தொலைந்து மறுபடி வாங்கினேன். இது மட்டும் கூடவே வருகிறது.

மதுரை சிம்மக்கல்லில் இருந்து வடக்குமாசி வீதிப் பக்கம் போகும் சந்துகளில் ஒன்றில் அந்த வாடகைப் புத்தகக் கடை இருந்தது. ஒரு வீட்டுத் திண்ணையை மூன்று பக்கமும் தகரத்தால் அடைத்து, முன்னால் சணல் கயிறு கட்டி, துணி காயப்போடுவதுபோல் வார இதழ்களைத் தொங்கவிட்டிருப்பார் அண்ணாச்சி. உள்ளே பைண்டு செய்த தொடர்கதைகள். அதற்கும் உள்ளே, ஒரு மரப்பெட்டி நிறைய காமிக்ஸ். அங்கேயே உட்கார்ந்து படித்தால் பதினைந்து காசு, வீட்டுக்கு எடுத்துப்போனால் இருபத்தைந்து காசு. அண்ணாச்சிக்குப் பார்வை மட்டு. புத்தகத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோய் எண்ணைப் படித்து நோட்டில் எழுதிக்கொள்வார். எடுத்துக் கொடுக்க, அடுக்கிவைக்க ஒரு பையன் இருந்தான். என் வயதுதான். பள்ளிக்கூடம் போகாதவன். காக்கி டவுசரின் பின்பக்கம் இரண்டு ஒட்டு. அண்ணாச்சி அவனை "ஏலே" என்பார். நாங்கள் "இந்தாப்பா" என்போம்.

112 என்பது இரும்புக்கை மாயாவி கதை. தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லூயிஸ் கிராண்டேல் ஆய்வுக்கூட உதவியாளர். விபத்தில் ஒரு கை போய், இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். இன்னொரு விபத்துக்குப் பிறகு, உடலில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோகிறார். ஆனால் அந்த இரும்புக்கை மட்டும் மறையாது. இங்கிலாந்தில் 1962 அக்டோபரில் ‘வேலியண்ட்’ வார இதழின் முதல் இதழில் தொடங்கிய கதை இது. படம் வரைந்தவர் ஹேசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். அந்தரத்தில் மிதக்கும் அந்தக் கையின் ஒவ்வொரு மூட்டையும் அவர் வரைந்த அழகுக்கே தனியாக எழுதலாம். 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே மாயாவிதான். மாயாவி பிளக்கில் விரலை விடும் கட்டத்தைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் எத்தனை பேர் அடி வாங்கினோம் என்று கணக்கில்லை. 2012 மின்வெட்டுக் காலத்தில் அவர் மதுரையில் இருந்திருந்தால் பாதி நாள் எல்லார் கண்ணுக்கும் தெரிந்துகொண்டுதான் அலைந்திருப்பார்.

நிறையப் பேர் மறந்துவிட்ட ஒன்று உண்டு. மாயாவி தொடக்கத்தில் நல்லவர் இல்லை. மறையும் சக்தி வந்ததும் அவர் செய்த முதல் காரியம் கொள்ளை. பிறகுதான் விபத்தில் புத்தி பிசகியிருந்தது என்று கதையில் சமாதானம் சொல்லி, மன்னித்து, உளவுப்படையில் சேர்த்துக்கொண்டார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தில் வந்த ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் வேறு) அப்படித்தான். கூர்ந்த காதும் வலைத் துப்பாக்கியுமாகக் குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக வந்தவன், கொஞ்ச நாளில் குற்றவாளிகளை வேட்டையாடத் தொடங்கிவிட்டான். அவனுக்குப் பின்னாளில் கதை எழுதியவர்களில் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெரி சீகலும் உண்டு. உலகத்தின் மிகச் சுத்தமான நாயகனைப் படைத்தவரே இந்தத் திருடனுக்கும் எழுதினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

சரி, 112-க்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மின்சாரம் போனது. அண்ணாச்சி சிம்னி விளக்கைத் தேடினார், பையன் தீப்பெட்டி எடுக்க உள்ளே போனான். நான் புத்தகத்தைச் சட்டைக்குள் விட்டு, டவுசர் இடுப்பில் செருகிக்கொண்டு, "நாளைக்கு வருகிறேன் அண்ணாச்சி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நடந்தேன். மாயாவி மறைவதற்கு மின்சாரம் வேண்டும். எனக்கு அது போனதே போதுமாக இருந்தது.

அடுத்த வாரம் நான் போனபோது கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 112 இல்லை. அண்ணாச்சி பையனின் காதைப் பிடித்திருந்தார். கன்னத்தில் ஏற்கெனவே ஒன்று விழுந்திருந்தது, நான்கு விரலும் பதிந்து தெரிந்தது. "பதினெட்டாம்படியில் வந்து சத்தியம் செய்வாயா?" என்று கேட்டார். "செய்கிறேன் அண்ணாச்சி" என்றான் அவன். உடனே சொன்னான், யோசிக்கவே இல்லை. என் உள்ளங்கையில் இருபத்தைந்து காசு வியர்த்துக்கொண்டிருந்தது. அதற்கடுத்த வாரம் கடையில் பையன் இல்லை.

மதுரைக்காரர்களுக்குப் பதினெட்டாம்படி என்றால் விளக்க வேண்டியதில்லை. அழகர்கோயில் கோபுரவாசலில் கருப்பசாமிக்கு உருவம் கிடையாது. மூடிய பெரிய கதவுதான் சாமி, சந்தனமும் மாலையுமாக. கொடுக்கல் வாங்கல், நிலத்தகராறு, களவு எதுவானாலும் அங்கே நின்று சத்தியம் செய்துவிட்டால் வழக்கு முடிந்தது. அந்தச் சாமியின் கதையும் விசித்திரமானது. மலையாள நாட்டில் இருந்து பதினெட்டு மந்திரவாதிகள் அழகரின் சக்தியைக் கவர வந்தார்களாம். அவர்களுக்குத் துணையாகக் கூட வந்த தெய்வம் கருப்பன். வந்த இடத்தில் அழகரைப் பார்த்து மயங்கி நின்றுவிட்டான். மந்திரவாதிகள் பதினெட்டுப் படிகளுக்கு அடியில் புதைந்தார்கள், கருப்பன் காவலுக்கு உட்கார்ந்தான். திருட வந்தவர்களோடு வந்தவன்தான் எங்கள் பக்கத்துக் காவல்காரன். மாயாவியும் ஸ்பைடரும் எங்களுக்கு அந்நியமாகத் தெரியாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மறு வருடம் சித்திரையில் வீட்டோடு அழகர்கோயில் போனபோது, செருப்புக்குக் காவல் இருக்கிறேன் என்று சொல்லி வெளியிலேயே நின்றுகொண்டேன். அப்பா மெச்சினார்.

ஒன்பதாம் வகுப்பில் தமிழ் ஐயா பொற்கைப் பாண்டியன் கதையைச் சொன்னார். கீரந்தை என்பவன் வெளியூர் போகிறான். தனியாக இருக்கப் பயப்படும் மனைவியிடம், அரசனுடைய காவலை விடப் பெரிய வேலி உண்டா என்று சொல்லிவிட்டுப் போகிறான். மாறுவேடத்தில் நகர்வலம் வந்த பாண்டியன் காதில் அது விழுகிறது. அன்றிலிருந்து இரவுதோறும் அந்த வீட்டுக்கு அவனே காவல். ஓர் இரவு உள்ளே ஆண் குரல் கேட்கிறது. பதறிப்போய்க் கதவைத் தட்டுகிறான். "யார் அது?" என்று உள்ளே இருந்து கேட்பது கீரந்தையேதான், ஊரில் இருந்து திரும்பிவிட்டான். இப்போது பேசாமல் போனால் நடுராத்திரியில் வந்து கதவைத் தட்டியவன் யார் என்று அந்தப் பெண்ணின்மேல் சந்தேகம் விழும். பாண்டியன் என்ன செய்தான்? அந்தத் தெருவில் இருந்த எல்லா வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டே ஓடிவிட்டான். விடிந்ததும் தெருவே சபையில் வந்து முறையிட்டது. இப்படிச் செய்தவனுக்கு என்ன தண்டனை என்று கேட்டான். கையை வெட்ட வேண்டும் என்றார்கள். வாளை எடுத்துத் தன் கையை வெட்டிக்கொண்டான். பிறகு பொன்னால் கை செய்து பொருத்திக்கொண்டானாம்.

பின்பெஞ்சில் இருந்து ஒருவன், "ஐயா, அப்படியானால் இவர் பொற்கை மாயாவியா?" என்றான். வகுப்பே சிரித்தது. ஐயாவும் சிரித்துவிட்டு, முன்றுறை அரையனாரின் பழமொழி நானூற்றில் இருந்து பாட்டைக் கரும்பலகையில் எழுதினார்:

எனக்குத் தகவன்றால் என்பதே நோக்கித்
தனக்குக் கரியாவான் தானாய்த் தவற்றை
நினைத்துத்தன் கைகுறைத்தான் தென்னவனும் காணார்
எனச்செய்யார் மாணா வினை.

கரி என்றால் சாட்சி. தனக்குச் சாட்சி தானே ஆனான். யாரும் பார்க்கவில்லை என்பதற்காக நல்லவர்கள் தகாததைச் செய்யமாட்டார்கள். அந்த வகுப்பில் நான் மட்டும் சிரிக்கவில்லை. எதற்கும் அசையாத பையன் என்று ஐயா நினைத்திருப்பார்.

இன்றுவரை நான் சூப்பர் ஹீரோ கதைகளைப் படிப்பது அந்தக் கரும்பலகை வழியாகத்தான். நாயகன் எத்தனை டன் தூக்குவான், எதிரியைக் கொல்வானா மாட்டானா என்ற விவாதங்களில் எனக்குச் சுவாரஸ்யம் குறைந்துவிட்டது. முகமூடி போட்டவன், மறைந்து திரிபவன், இரவில் உலவுபவன் எல்லாரும் ‘காணார்’ என்ற வசதியோடு வாழ்கிறவர்கள். அவன் தவறு செய்த பிறகு, அது வேறு எவருக்கும் தெரியாதபோது, என்ன செய்கிறான்? அந்த இடத்தில்தான் நான் பக்கத்தைத் திருப்பாமல் நிற்பேன்.

மாயாவி வந்த அதே 1962-இல், இரண்டு மாதம் முன்னால், ‘அமேசிங் ஃபேண்டசி’ 15-ஆம் இதழில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேனைக் கொண்டுவந்தார்கள். வெறும் பதினோரு பக்கம். சிலந்தி கடித்துச் சக்தி வந்ததும் பீட்டர் பார்க்கர் என்ற அந்தப் பள்ளிக்கூடப் பையன் ஊரைக் காப்பாற்றப் புறப்படவில்லை. மல்யுத்தத்தில் பணம் சம்பாதிக்கப் போகிறான், தொலைக்காட்சிக்குப் போகிறான். நிகழ்ச்சி முடிந்து நிற்கும்போது ஒரு திருடன் அவனைக் கடந்து ஓடுகிறான். ஒரு காலை நீட்டியிருந்தால் போதும். எனக்கென்ன வந்தது என்று நிற்கிறான். அதே திருடன்தான் சில நாள் கழித்து அவனை வளர்த்த பென் மாமாவைச் சுட்டுக் கொல்கிறான். வலிமைக்கும் பொறுப்புக்கும் முடிச்சுப் போட்ட அந்தக் கடைசி வரியை ஊரெல்லாம் மேற்கோள் காட்டிவிட்டார்கள், அதை விடுங்கள். கடைசிக் கட்டத்தின் படத்தைப் பார்க்க வேண்டும். திருடனைப் பிடித்தாயிற்று. வேறு கதையாக இருந்தால் வெற்றி. இதில் ஒரு சின்ன உருவம் தெருவில் தனியாக இருட்டுக்குள் நடந்துபோகிறது. அவன் விட்டுவிட்ட திருடனும் மாமாவைக் கொன்றவனும் ஒருவனே என்பது அந்த ஊரில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். தனக்குக் கரி தானாய்.

பேட்மேன் வேறு வகை. அவன் கொல்லமாட்டான் என்பதை வேதவாக்காகச் சொல்வார்கள். 1939-இல் பிறந்த புதிதில் அவன் கொன்றான். 1940-இல் அவன் பெயரிலேயே வந்த இதழின் முதல் எண்ணில் விமானத்தில் இருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டான். அதன்பிறகுதான் ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் துப்பாக்கியும் கொலையும் கூடாது என்று தடை போட்டார். ஆக, அந்தப் பெரிய கொள்கை அலுவலக உத்தரவாகப் பிறந்தது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளின் ஒழுக்கமும் பாதி அப்படித்தான் வருகிறது, முதலில் அதட்டல், பிறகு கொள்கை. 1986-இல் ஃபிராங்க் மில்லர் நான்கு இதழ்களாக எழுதிய ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ அந்தக் கொள்கையை எடுத்துக் கசக்கிப் பார்த்தது. கிழவனான பேட்மேன் தன் பரம எதிரியான ஜோக்கரின் கழுத்தைப் பாதி திருப்பிவிட்டு நிறுத்திக்கொள்கிறான். ஜோக்கர் சிரித்துக்கொண்டே மீதியைத் தானே திருப்பிக்கொண்டு செத்துப்போகிறான். கொலைப்பழி பேட்மேன்மேல். அங்கே வேறு ஆள் இல்லை. முகமூடிக்காரனின் வார்த்தைக்கு யார் சாட்சி? இத்தனை ஆண்டுகள் ‘காணார்’ என்ற வசதியில் வாழ்ந்தவனை அதே வசதி கழுத்தைப் பிடித்த இடம் அது.

இருட்டாக வரைந்தால் ஆழம், நாயகன் மூக்கில் ரத்தம் ஒழுகினால் முதிர்ச்சி என்ற எண்ணம் அந்த ஆண்டுகளுக்குப் பிறகு பரவிவிட்டது. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. சாக்கடையை வரைந்தால் சமூக விமர்சனம் ஆகிவிடாது.

அதே இருட்டில் வாசகர்களும் ஒருமுறை நின்றார்கள். 1988-இல் பேட்மேனின் துணைவனான இரண்டாவது ராபின், ஜேசன் டாட், குண்டுவெடிப்பில் சிக்குகிறான். அவன் பிழைக்கலாமா சாகலாமா என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும் என்று இரண்டு தொலைபேசி எண்களைக் கொடுத்தார்கள். ஓர் அழைப்புக்கு 50 சென்ட். 36 மணி நேரம். சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்று 5,271. வெறும் 72 அழைப்பு வித்தியாசத்தில், ஏற்கெனவே ஜோக்கர் இரும்புக்கம்பியால் அடித்துத் துவைத்திருந்த ஒரு பையனைக் கொன்றார்கள். காகிதப் பையன்தானே என்று சொல்லலாம். நானும் பல தடவை சொல்லிப் பார்த்தேன். என் இருபத்தைந்து காசும் அவர்களுடைய ஐம்பது சென்ட்டும் ஒரே உள்ளங்கையில் இருப்பதுபோல் தோன்றுவதை நிறுத்த முடியவில்லை.

என் மகளுக்குப் பதினைந்து வயது. தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில் இரண்டு வருடச் சேமிப்பைக் கொட்டி ‘வாட்ச்மென்’ வாங்கினாள். ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைந்தது. 1986, 87-இல் பன்னிரண்டு இதழ்களாக வந்தது. அதாவது நான் 112-ஐ இடுப்பில் செருகிக்கொண்டிருந்த காலம். இதன் உச்சத்தில் ஓசிமாண்டியாஸ் என்ற மகா புத்திசாலி நாயகன், அமெரிக்காவும் சோவியத்தும் அணுகுண்டு போட்டுக்கொள்வதைத் தடுக்க, வேற்றுக்கிரகப் படையெடுப்பு போல ஒரு நாடகம் ஆடி நியூயார்க் நகரத்தில் பாதிப் பேரைக் கொன்றுவிடுகிறான். போர் நின்றுவிடுகிறது. மற்ற நாயகர்கள் உண்மையை வெளியில் சொல்லப்போவதில்லை என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

நீதிக்காக ஒரு நகரத்தை எரித்த கதை எங்கள் ஊருக்குப் புதிதில்லை என்று மகளிடம் சொன்னேன். கண்ணகி தீக்குச் சொன்ன பட்டியலையும் சொன்னேன்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி, இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் சேர்க. "அப்படியானால் கல்யாணமாகாத முப்பது வயதுக் குயவன்?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பட்டியல் எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அதே காப்பியத்தில், எரிவதற்கு முன்னால், நெடுஞ்செழியன் சிலம்பு உடைந்து மணி தெறித்ததைப் பார்த்த நொடியில் "யானோ அரசன் யானே கள்வன்" என்று சொல்லி விழுந்து சாகிறான். யாரும் அவனுக்குத் தீர்ப்பு எழுதவில்லை. ஓசிமாண்டியாஸோ எல்லாம் முடிந்த பிறகு, நான் செய்தது சரிதானே, கடைசியில் நன்றாகத்தானே முடிந்தது என்று, கடவுளுக்கு நிகரான சக்தி கொண்ட டாக்டர் மன்ஹாட்டனிடம் கேட்கிறான். உலகத்தின் மிகப்பெரிய புத்திசாலிக்கு வெளியில் இருந்து ஒரு சான்றிதழ் தேவைப்படுகிறது. எதுவும் முடிவதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு மன்ஹாட்டன் மறைந்துவிடுகிறார்.

மகள் நின்றது வேறு இடத்தில். அந்த நாயகர்களில் உண்மையை மறைக்க மறுப்பவன் ரோர்ஷாக் என்ற முகமூடிக்காரன் ஒருவன்தான். அவனை வீரனாகக் கொண்டாடும் வாசகர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். மதுக்கடையில் தகவல் கேட்டு ஒருவனின் விரலை ஒடிப்பவன், பெண்களை வெறுப்பவன், பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாத ஆள். ஆனால் பனிவெளியில் மன்ஹாட்டன் தன்னைக் கொல்லப்போகிறார் என்று தெரிந்ததும், கதை நெடுகத் தன் உண்மையான முகம் என்று அவன் சாதித்துவந்த முகமூடியைக் கழற்றிவிடுகிறான். உள்ளே பரட்டைத்தலையும் அழுத கண்ணுமாக ஒரு சாதாரண மனிதன். செய்யுங்கள் என்று கத்துகிறான். "ஏன் அப்பா கழற்றுகிறான்? யார் பார்க்கப்போகிறார்கள் அங்கே?" என்று கேட்டாள். பழமொழி நானூற்றுப் பாட்டைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பிறகு எழுந்துபோய் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்து 112-ஐ எடுத்துவந்து கொடுத்துவிட்டேன். எப்படி வந்தது என்பதையும் சொன்னேன். இருட்டு, சிம்னி விளக்கு, காது, கன்னம், பதினெட்டாம்படி எல்லாம்.

அவள் முத்திரையைத் தடவிப் பார்த்தாள். அண்ணாச்சி எங்கே என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதில் தயாராக இருந்தது: காலமாகிவிட்டார், கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள்.

"அந்தப் பையன் பெயர் என்ன?" என்றாள்.

"அண்ணாச்சி ‘ஏலே’ என்று கூப்பிடுவார்."

"அது பெயர் இல்லை அப்பா."

புத்தகத்தை மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டு, விட்ட பக்கத்தில் இருந்து ‘வாட்ச்மென்’ படிக்கத் தொடங்கினாள்.